தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொல்லும் மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கல்லூரிக் கொள்கை எழுதுகிறோம், உங்கள் கருத்து தேவை

வகுப்பறைஜன்னல்:

வணக்கம். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மனநல உதவிக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் ஒரு கொள்கை எழுத எங்கள் கல்லூரியில் குழு போட்டிருக்கிறார்கள், நானும் அதில் இருக்கிறேன். வரைவு ஒன்பது பக்கம். பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு விதி வருகிறது: யாருக்காவது தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து ஒப்படைத்துவிட வேண்டும், மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரும்வரை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் இடமில்லை.

படித்ததும் எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாலை நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு மாணவி பையை மாட்டாமல் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வாழப் பிடிக்கவில்லை என்றாள், அடுத்த மூச்சிலேயே "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள். அப்போது இப்படி ஒரு விதி கிடையாது, வெறும் பேச்சாகத்தான் இருந்தது, அதற்கே அந்தப் பயம். நானே கவுன்சிலரிடம் கூட்டிப் போனேன். பட்டம் வாங்கிப் போய்விட்டாள். விதி எழுத்தில் இருந்திருந்தால் என்னிடம் வாயைத் திறந்திருப்பாளா என்றே தெரியவில்லை.

குழுவில் மற்றவர்கள் கேட்பது, "ஹாஸ்டலில் ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?" என்று. அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் இந்த விதிக்குப் பதிலாக என்ன எழுதுவது? இன்னொன்று, மாணவரிடம் தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று ஒரு மூத்த பேராசிரியர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா?

மழைக்குருவி:

மேடம், நான் பன்னிரண்டு வருடமாகக் கல்லூரி மாணவர்களுக்கான கவுன்சிலர். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. இது தொடர்பாக வந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2014இல் வெளியானது. கேட்டதால் தற்கொலை எண்ணம் குறிப்பிடும்படி கூடியதாக அவற்றில் ஒன்றுமே காட்டவில்லை, சிலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருந்திருக்கலாம் என்பதுதான் தெரிந்தது. நான் சுற்றி வளைக்காமல் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேட்பேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அழத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். மாணவருக்கு அது சொல்லும் செய்தி ஒன்றுதான்: வாயைத் திறந்தால் படிப்பு, அறை, நண்பர்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறுகளை எல்லாம் ஆபத்தான வாரத்தில் நாமே அறுத்துவிடுகிறோம். சிலருக்கு வீடுதான் வேதனையின் ஊற்று, அங்கேயே திருப்பி அனுப்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்காகவே வழக்குகள் நடந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2019இலும் யேல் பல்கலைக்கழகம் 2023இலும் சமரசத்துக்கு வந்து விடுப்பு விதிகளை மாற்றின. யேலில் முன்பு மனநலக் காரணத்துக்காகப் போகிறவர் படிப்பிலிருந்தே விலகியவராகக் கருதப்பட்டார், திரும்பி வர மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இப்போது அது விடுப்பு. தேவைப்படுகிறவர்கள் பாடங்களைக் குறைத்துக்கொண்டு பகுதி நேரமாகப் படிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

அனுப்பிவிடுவதற்கு நேர் எதிர்த் திசையில் போன இடமும் அங்கே உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1984இலிருந்து, தற்கொலைக்கு முயன்ற அல்லது முயலப்போவதாகச் சொன்ன மாணவர் கட்டாயம் நான்கு முறை நிபுணரைச் சந்திக்க வேண்டும். வளாகத்திலிருந்தே சந்திக்கலாம், படிப்பும் நிற்காது. மறுத்தால்தான் கல்லூரி நடவடிக்கை எடுக்கும். அந்தக் கட்டாயம் எனக்கு முழுக்க உடன்பாடில்லை, ஆனால் அனுப்பிவிடுவதற்கும் நான்கு முறை எதிரில் உட்கார வைப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்கள் குழுவில் சொல்லிப் பாருங்கள்.

வரைவில் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய முறை அது, ஒரே ஒரு தாள்தான். எனக்கு எண்ணம் வரப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பேன், அப்போது தனியாக என்ன செய்வேன், யாரோடு போய் உட்காருவேன், யாரிடம் மனம் விட்டுச் சொல்வேன், எந்த எண்ணுக்கு அழைப்பேன், ஆபத்தானவற்றை எப்படிக் கைக்கெட்டாமல் வைப்பேன் என்று மாணவரே தன் வார்த்தையில் எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு படிவமாகிவிடும். தற்கொலை எண்ணம் போன்ற காரணத்துக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முன்னாள் ராணுவத்தினரிடம் இந்தத் தாளையும் அதன் பிறகான தொலைபேசி விசாரிப்பையும் சேர்த்துச் செய்து பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் முயற்சி உட்பட தற்கொலை சார்ந்த நடத்தைகள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன.

கடைசிபெஞ்ச்:

நான் அப்படி அனுப்பப்பட்டவன். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை. நண்பனிடம் சொன்னதை அவன் பயந்துபோய் வார்டனிடம் சொன்னான். அவன் மேல் தப்பே இல்லை, அவன் செய்ததுதான் சரி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பெட்டி கட்டச் சொன்னார்கள், அப்பா வந்து கையெழுத்துப் போட்டார், வழியெல்லாம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சான்றிதழோடு ஐந்து வாரம் கழித்துத் திரும்பினால் அட்டெண்டன்ஸ் போதாது, தேர்வு எழுத முடியாது என்றார்கள். அந்த ஐந்து வாரத்தில் கல்லூரியிலிருந்து யாருமே அழைக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணம் வந்தபோதெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை, நல்லா இருக்கேன் என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டேன். வெளியில் ஒரு மருத்துவரை நானே தேடிப் போனதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

அதனால் மேடம், கவுன்சிலிங் பற்றிய பக்கங்களோடு அட்டெண்டன்ஸ், தேர்வு, கட்டணம் பற்றிய விதிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு எடுக்கும் நாள் மருத்துவ விடுப்பு, அதனால் தேர்வு உரிமை போகாது என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம், விடுப்பில் இருப்பவரை வாரம் ஒரு முறை அழைக்க ஒருவரைப் பெயரோடு நியமியுங்கள். யாராவது ஒருவர் "எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தால் எனக்கு அது எவ்வளவோ.

மழைக்குருவி:

தம்பி, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன அந்த அழைப்புக்கு ஆதாரமே இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போன பின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வருடம் சிறு கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விருப்பமிருந்தால் எழுதுங்கள், அவ்வளவுதான், வேறு எதையும் கேட்கவில்லை. கடிதம் போன பாதியில் தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன, முதல் இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இரவுக்காவல்:

நான் ஹாஸ்டல் வார்டன். குழுவில் என்னைப் போல ஒருவராவது இருக்கிறாரா? கவுன்சிலர் அறை மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள், எனக்குக் கதவு தட்டப்படுவது இரவு ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் ஒன்பது பக்கக் கொள்கையை எடுத்துப் படிக்க முடியாது. ஒரே ஒரு அட்டை வேண்டும், அதில் இவ்வளவு இருந்தால் போதும்: மாணவரைத் தனியாக விடாதே, இந்த எண்ணில் கவுன்சிலரை எழுப்பு, இந்த மருத்துவமனைக்கு இந்த வண்டியில் கூட்டிப் போ, நீயும் கூடவே இரு.

மாணவருக்கும் அதே மாதிரி வேண்டும். அமெரிக்காவில் 2022 ஜூலையில் நெருக்கடி உதவிக்கு 988 என்று மூன்றே இலக்கத்தில் எண் கொண்டுவந்தார்கள், அதை மாணவர் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிட வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டமே போட்டுவிட்டன. அவரவர் நாட்டில் இருக்கும் உதவி எண்ணை அப்படி அச்சிட என்ன செலவாகிவிடும்?

மொட்டை மாடிக் கதவு, ஆய்வுக்கூடச் சாவி மாதிரி விஷயங்களை யாரும் சின்னதாக நினைக்காதீர்கள். நெருக்கடி உச்சத்தில் இருப்பது பலருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் வழி அடைத்திருந்தால் உயிர் பிழைக்கும், பிழைத்த பலர் பிறகு முழு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார்கள். அதோடு, தடுக்க முடியாமல் ஒரு மரணம் நடந்துவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள், யாருக்கும் எழுதப் பிடிக்காத பக்கம் அது. எங்கள் ஹாஸ்டலில் ஒரு மாணவரை இழந்தபோது அடுத்த நாள் எல்லோரும் பெற்றோரையும் போலீசையும்தான் கவனித்தோம், அவருடைய அறைத்தோழனை மூன்று நாள் யாரும் தேடவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அறைத்தோழர், வகுப்பு நண்பர்கள், கண்டெடுத்தவர், இவர்களை முதல் நாளிலேயே ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எப்படி இறந்தார் என்ற விவரமோ அவர் எழுதி வைத்த கடிதமோ வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது, அது ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைத் தள்ளிவிடலாம்.

வகுப்பறைஜன்னல்:

எல்லோருக்கும் நன்றி. கடைசிபெஞ்ச் எழுதியதைப் பெயரில்லாமல் குழுவில் வாசித்துக் காட்ட அனுமதி கேட்டேன், சரி என்றார். நான்காம் பக்கத்துக்கு நான் எழுதியிருப்பது இது:

தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்ன ஒரே காரணத்துக்காக எந்த மாணவரும் விடுதியிலிருந்தோ வகுப்பிலிருந்தோ நீக்கப்பட மாட்டார். அன்றே கவுன்சிலர் அவரைச் சந்திப்பார். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று மாணவரிடமே கேட்கப்படும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அவரிடம் தெரிவித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லப்படும். விடுப்பு தேவையா என்பது மாணவரும் சிகிச்சை தருபவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. திரும்பி வரும் நாளும், தொடர்பில் இருக்கப்போகிறவரின் பெயரும் விடுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

மழைக்குருவி:

நன்றாக இருக்கிறது மேடம். "அன்றே" என்று எழுதிவிட்டீர்கள், அதற்கு ஆள் வேண்டும். 1000 முதல் 1500 மாணவருக்கு ஒரு முழுநேரக் கவுன்சிலராவது என்பது பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு நெடுநாள் வைத்திருந்த அளவு. அந்த எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள், பட்ஜெட் கூட்டத்தில் யாராவது அந்தப் பணியிடத்தில் கை வைக்கும்போது காட்ட உதவும்.

இரவுக்காவல்:

"அன்றே" என்பது இரவு ஒன்றரை மணிக்கும் பொருந்துமா என்று தெளிவாக எழுதுங்கள் மேடம்.