ஒரே தோற்றமுள்ள இரு பூனைகள், இரு வேறு விலைகள்: அரிய இயல்பின் பெறுமதியை எப்படிக் கணிப்பது?

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிரிப்டோகிட்டீஸ் விளையாட்டில் மெய்நிகர் பூனைகளை இணைத்துக் குட்டி பெறும் முறையை ஆர்வத்தோடு கற்று வருகிறேன். ஒரே உடலமைப்பும் ஒரே கண் நிறமும் ஒரே தலைமுறையும் கொண்ட இரு பூனைகளைச் சந்தைப் பக்கத்தில் கண்டேன்; அவற்றுள் ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போலப் பல மடங்காக இருந்தது. ஓர் இயல்பு எத்தனை பூனைகளிடம் காணப்படுகிறது என்ற எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இயல்பு அரிதானால் பெறுமதி கூடும் என்று நான் எண்ணியிருந்தது சரிதானா? விளக்கத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

பம்பலப்பிட்டி ஆசிரியர் எழுதியது:

தங்கை, நீங்கள் பார்த்த எண்ணிக்கை வெளியே தெரியும் இயல்பை மட்டும் கணக்கிடுகிறது. விலையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும் மரபணுக்களில்தான் இருக்கும்.

ஒவ்வொரு பூனைக்கும் 12 இயல்புத் தொகுதிகள் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு மரபணுக்கள் வீதம் மொத்தம் 48 மரபணுக்கள் உள்ளன. நான்கில் ஒன்று ஆட்சியுடையது, அதுவே தோற்றத்தில் வெளிப்படும். எஞ்சிய மூன்றும் பின்னிடைவானவை, அதாவது தோற்றத்தில் தெரியாத மறைமரபணுக்கள். குட்டி உருவாகும்போது, ஒவ்வொரு பெற்றோரிடத்தும் மூன்றாவது மறைமரபணு இரண்டாவதோடும், இரண்டாவது முதலாவதோடும், முதலாவது ஆட்சியுடையதோடும் இடம்மாற ஒவ்வொரு படியிலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு; அதன் பின்னர் ஒவ்வோர் இடத்துக்கும் தாயினது அல்லது தந்தையினது மரபணு சம வாய்ப்பில் தெரிவாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு பெற்றோரின் ஆட்சியுடைய மரபணு குட்டியின் தோற்றத்தில் வெளிப்பட 37.5 சதவீதமும், முதலாவது மறைமரபணு வெளிப்பட ஏறத்தாழ 9.4 சதவீதமும், இரண்டாவது வெளிப்பட 2.3 சதவீதமும், மூன்றாவது வெளிப்பட 0.8 சதவீதமும் வாய்ப்பு உண்டு. ஆட்சியுடைய இடத்திலும் முதலாவது மறைவிடத்திலும் ஒரே மரபணுவை வைத்திருக்கும் பூனைக்கோ அந்த வாய்ப்பு 46.9 சதவீதமாக உயர்கிறது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். இனவிருத்திக்கு இரண்டும் ஒன்றல்ல.

விகாரத்தில், அதாவது குறித்த இரு மரபணுக்கள் சந்தித்துப் புதிய மரபணு ஒன்று தோன்றுவதில், இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு தொகுதியிலும் 16 அடிப்படை மரபணுக்கள் உள்ளன. அவை எட்டு இணைகளாக நின்று எட்டு முதலடுக்கு விகாரங்களையும், அவை இணைந்து நான்கையும், பின்னர் இரண்டையும், இறுதியில் ஒன்றையும் தருகின்றன. உரிய இணை ஆட்சியுடைய இடங்களில் சந்தித்தால் கீழ் அடுக்குகளில் விகாரம் தோன்ற 25 சதவீத வாய்ப்பு உண்டு. மேல் அடுக்குகளில் அது 12.5 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் இந்தச் சோதனை மேற்சொன்ன இடமாற்றத்துக்குப் பிறகே நடக்கிறது. ஆகவே இரு பெற்றோரும் உரிய மரபணுவை ஆட்சியுடைய இடத்தில் மட்டும் வைத்திருந்தால் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதந்தான். முதலாவது மறைவிடத்திலும் வைத்திருந்தால் 22 சதவீதம். நான்கு இடங்களிலும் வைத்திருந்தால் மட்டுமே முழு 25 சதவீதம் கிடைக்கும். தேர்ந்த வளர்ப்பாளர்கள் தூய மரபுக்கு, அதாவது நான்கு இடங்களிலும் ஒரே மரபணுவைக் கொண்ட பூனைக்கு, கூடுதல் விலை கொடுப்பதன் காரணம் இதுவே. பூனையின் மரபணுக்கள் முழுவதும் எதீரியம் பிளாக்செயின் என்ற பொதுவான இணையப் பதிவேட்டில் எவரும் வாசிக்கக்கூடிய எண்ணாகவே பதிவாகியிருப்பதனால், வாங்குமுன் இதைச் சரிபார்க்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

கொட்டாஞ்சேனை வாசகர் எழுதியது:

ஆசிரியர் சொன்னது மரபணுப் பக்கத்துக்கு முற்றிலும் சரி. ஆயினும் அரிய இயல்பு அரியதாகவே நீடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு புதிய விகாரம் தோன்றியதும் அதன் உரிமையாளர் இணைசேர்ப்புக் கட்டணம் பெற்றுக்கொண்டு மற்றவர்களுடைய பூனைகளோடு அதைச் சேர விடலாம். குட்டிகள் பெருகப் பெருக விலை இறங்கும். அப்படிப் பெருக்க முடியாதவை சில உண்டு. ஒரு விகாரத்தை முதன்முதலாக வெளிப்படுத்திய பூனைக்கு வைர அடையாளமும், இரண்டாவது முதல் பத்தாவது வரையானவற்றுக்குத் தங்க அடையாளமும் கிடைக்கின்றன. பெற்றோர் இன்றி விளையாட்டை நடத்துபவர்களே வெளியிட்ட பூச்சியத் தலைமுறைப் பூனைகள் 50,000 என்ற உச்சவரம்புக்கு உட்பட்டவை. முதலாம் இலக்கப் பூனை 2017 டிசம்பரில் 246.9 ஈதருக்கு (எதீரியத்தின் மெய்நிகர் நாணயம்), அதாவது அன்றைய மதிப்பில் ஓர் இலட்சம் டொலருக்கும் மேலாக விற்பனையானது அதன் கண் நிறத்துக்காக அன்று. அது முதலாவது என்பதற்காகவே.

மருதானை கணக்காளர் எழுதியது:

கொழும்பிலிருந்து வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். மெய்நிகர் நாணயம் இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அன்று என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்துள்ளது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டுப் பணிப்புரைகளின்படி, அத்தகைய கொடுக்கல் வாங்கல்களுக்குக் கடன் அட்டையையோ பற்று அட்டையையோ பயன்படுத்த அனுமதி இல்லை. பூனையின் விலையைப் பற்றிப் பேசுமுன் இதைக் கருத்திற் கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

மிக்க நன்றி, சேர். மற்ற இருவருக்கும் நன்றி. கணக்காளர் சொன்னதை ஏற்று, நான் எதையும் வாங்காமல் மரபணுக்களை வாசித்துப் பழகுவதோடு நிற்கிறேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது: தூய மரபுடைய இருபதாம் தலைமுறைப் பூனையையும் கலப்பு மரபுடைய இரண்டாம் தலைமுறைப் பூனையையும் எப்படி ஒப்பிடுவது?

பம்பலப்பிட்டி ஆசிரியர் எழுதியது:

ஓய்வு நேரத்தை, அதாவது ஒரு பூனை அடுத்த இணைசேர்ப்புக்கு முன் காத்திருக்க வேண்டிய நேரத்தை, கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பூச்சியத் தலைமுறைப் பூனையின் ஓய்வு ஒரு நிமிடத்தில் தொடங்குகிறது. தலைமுறை கூடக் கூட அந்தத் தொடக்கமே நீள்கிறது. ஒவ்வொரு இணைசேர்ப்புக்குப் பிறகும் மேலும் நீண்டு, ஈற்றில் ஏழு நாட்கள் வரை போகும். இருபதாம் தலைமுறைப் பூனைக்குத் தொடக்கத்திலேயே ஒரு நாள் ஓய்வு வேண்டும்; இரண்டாம் தலைமுறைப் பூனை இரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும். குட்டியின் தலைமுறையோ பெற்றோரில் உயர்ந்த தலைமுறையை விட ஒன்று கூடுதலாகவே அமையும். எனவே விகாரம் ஒன்றை உடனே பெறுவதுதான் நோக்கமென்றால் தூய மரபையும், பல தலைமுறைகளுக்கு ஒரு மரபை வளர்ப்பதுதான் நோக்கமென்றால் தாழ்ந்த தலைமுறையையும் தெரிவு செய்வேன். பெற்றோரோடோ உடன்பிறந்தவற்றோடோ இணைசேர்க்க முடியாது என்பதால், இரண்டாவது வழிக்குத் தொடர்பற்ற இரு குடும்பங்களாவது வேண்டும்.