முதல் கைத்துப்பாக்கி: 9 மி.மீ. போதுமா? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. ரேஞ்சில் குறி பார்த்துச் சுடவும் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே கைத்துப்பாக்கி போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா?

வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தோம். ரூகர் மார்க் 4, .22 தோட்டா, உதைப்பே தெரியவில்லை, தோட்டாவும் மலிவு, குறி பழக அருமை. ஆனால் இந்த மாதிரி ரிம்ஃபயர் தோட்டா (அடி விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை) சில சமயம் வெடிக்காமல் போகும் என்பதால் தற்காப்புக்கு அதை நம்ப மனம் வரவில்லை. பெரிய .45 தோட்டா போடும் துப்பாக்கி எனக்குச் சரி, மனைவிக்குக் கையைத் தூக்கிப் போடுகிறது, இரண்டாவது குண்டு அட்டையிலேயே படவில்லை. 9 மி.மீ. தோட்டா போடும் க்ளாக் 19 இருவருக்கும் ஒத்துவந்தது, 15 தோட்டா பிடிக்கும், எஃப்.பி.ஐ.யும் .40 தோட்டாவை விட்டு 9 மி.மீ.க்கே திரும்பியது, அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அவளுக்கு மணிக்கட்டு வலி, க்ளாக் ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதி) முழுதாக இழுக்க முடியவில்லை. ஸ்லைடே இல்லாத .38 ரிவால்வர் என்றால் ட்ரிகர் கனம். ஸ்லைடு இழுக்க எளிது என்று சொல்கிற ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா, ஸ்லைடு உண்மையிலேயே லேசா?

அப்புறம், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். இருட்டிலும் சட்டென்று திறக்கிற, அவன் கைக்குத் திறக்கவே திறக்காத பூட்டுப் பெட்டி எது? துப்பாக்கிக்கு முன்னால் அதைத்தான் வாங்கப்போகிறேன்.