மேசைக் கணினியில் ஹைபர்னேட்டை நீக்கிவிட்டு ஸ்லீப் மட்டும் பயன்படுத்தலாமா?

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 10 இயங்கும் என் மேசைக் கணினியில் 32 ஜிபி நினைவகமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளன. வேலை முடிந்ததும் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு முழுவதும் அணைவது) செய்வதே வழக்கம். சி டிரைவில் இடம் குறைந்துவருவதால் தேடிப் பார்த்தபோது, ஹைபர்னேட்டுக்கான ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஒரே கோப்பு ஏறக்குறைய 13 ஜிபியைப் பிடித்திருப்பது தெரிந்தது. அதை நீக்கிவிட்டு ஸ்லீப்புக்கு மாற எண்ணுகிறேன். ஸ்லீப்பில் இருக்கையில் மின்சாரம் போனால் திறந்திருக்கும் கோப்புகள் என்னவாகும்? மேலும், ஸ்லீப்பில் போட்டால் யாரும் தொடாமலேயே கணினி விழித்துக்கொள்வது ஏன்?

பதில்

ஸ்லீப்பில் நினைவகத்துக்கும், கணினியை எழுப்பக்கூடிய சில சாதனங்களுக்கும் மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது அறுந்தால், சேமிக்காத வேலை போய்விடும். இதற்காகவே மேசைக் கணினிகளுக்கு ஹைபிரிட் ஸ்லீப் என்ற வசதி உண்டு. நினைவகத்தில் உள்ளதை வட்டிலும் எழுதிவைத்துவிட்டு உறங்குவதால், மின்சாரம் இருந்தால் நொடிகளில் எழும். போயிருந்தால் வட்டிலிருந்து மீளும். ஆனால் அது எழுதுவதும் நீங்கள் நீக்க நினைக்கும் அதே கோப்பில்தான். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" (powercfg /h off) என்ற கட்டளையைக் கொடுத்தால் ஹைபர்னேட்டோடு ஹைபிரிட் ஸ்லீப்பும், அணைத்த கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும் என்பதால், அவசரப்பட வேண்டாம். முதலில் "பவர்சிஎஃப்ஜி /ஏ" கொடுத்து, எந்தெந்த நிலைகள் கிடைக்கின்றன என்று பாருங்கள்.

தானாக விழிப்பதற்குப் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டே காரணம். விழித்த உடனே "பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்" கொடுத்தால் எழுப்பிய சாதனம் தெரியலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கணினியை எழுப்ப அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் தேவை இருந்தால் மட்டும், குறியை விட்டுவைத்து, மேஜிக் பாக்கெட்டுக்கு (எழுப்புவதற்கென்றே நெட்வொர்க் வழியே அனுப்பும் செய்திக்கு) மட்டும் விழிக்கும்படி அமைக்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. எழுப்பியது நெட்வொர்க் கார்டுதான். குறியை எடுத்தபின் கணினி அமைதியாக உறங்குகிறது. ஆனால் "/ஏ" பட்டியலில் ஹைபிரிட் ஸ்லீப் கிடைக்காது என்றும், ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள் அடுக்கு) அதை ஆதரிக்கவில்லை என்றும் வருகிறது. நான் மெய்நிகர் கணினி எதையும் நிறுவவில்லையே?

மற்றொருவர்

நீங்கள் நிறுவாவிட்டாலும், விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால் பின்னணியில் ஹைப்பர்வைசர் ஓடும். உறக்க வசதிக்காக ஒரு பாதுகாப்பு அரணை அணைப்பது எனக்கு உவப்பானதல்ல. அதற்குப் பதிலாக, பவர் ஆப்ஷன்ஸில் உடனே ஸ்லீப்புக்கும், பிறகு 60 நிமிடம் கழித்து ஹைபர்னேட்டுக்கும் போகும்படி நேரம் குறியுங்கள். சிறிய இடைவெளிகளுக்கு ஸ்லீப்பின் வேகம் கிடைக்கும், இரவில் மின்சாரம் போனாலும் வேலை வட்டில் பத்திரமாக இருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே ஆபத்து என்பதால், எழுந்து போகுமுன் கோப்புகளைச் சேமித்துவிடுங்கள்.

இதற்கு 13 ஜிபியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முழு ஹைபர்னேட்டுக்கான கோப்பு வழக்கமாக நினைவகத்தின் 40 சதவீத அளவில் இருக்கும். "பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ரெட்யூஸ்ட்" கொடுத்து அதைச் சுருக்கினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டுமே மிஞ்சும், ஹைபர்னேட் போய்விடும். இடம்தான் முக்கியம் என்றால் "/எச் ஆஃப்" கொடுத்து, மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கொடுக்கும் யுபிஎஸ் ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள். உறங்கும் கணினி சில வாட் மட்டுமே இழுப்பதால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். சுமை மிகக் குறைந்தால் தானாக அணையும் யுபிஎஸ்களும் உண்டு. அந்த வசதியை முடக்க முடியுமா என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.