மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

வேப்பமரம்:
நானே ஆரம்பிக்கிறேன். வயது 41, மதுரையில் டீச்சர். போன மே மாத லீவில் செய்துகொண்டேன். இருபது வருடமாகக் கழுத்து வலி, தோளில் பிரா பட்டை அழுத்தி அழுத்தி விரல் வைத்தால் பதிகிற அளவுக்குப் பள்ளம், சித்திரை வந்தால் மார்புக்கு அடியில் வியர்வை தங்கி அரிப்பு, புண், பவுடர், மறுபடி புண். அம்மாவிடம் சொன்னால் "ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் கழுத்துக்குக் காலர் கொடுத்தார். பாரம் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னது பிசியோதெரபி கொடுத்த பெண்தான்.

நாற்பது தாண்டியதால் முதலில் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. ஆபரேஷன் அன்று காலையில் சர்ஜன் என்னை நிற்க வைத்து மார்க்கரால் கோடு போட்டார், படுத்தால் எல்லாம் பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் நின்றபடிதான் அளவெடுப்பார்களாம். தையல் கடையில் துணிக்குச் சாக்பீஸ் போடுவது மாதிரி இருந்தது. கூச்சத்தில் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நங்கூர வடிவ வெட்டு, அதாவது கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து நேர் கீழே ஒன்று, அடி மடிப்போடு ஒன்று. காம்பைத் தனியாக எடுத்து ஒட்டவில்லை, ரத்த ஓட்டத்தோடு அப்படியே மேலே நகர்த்தினார்கள். மூன்றரை மணி நேரம். வலது பக்கம் 720 கிராம், இடது பக்கம் 650 கிராம் எடுத்திருக்கிறார்கள்.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. மறுநாள் எழுந்து நின்றபோது கழுத்து லேசாக இருந்ததை நம்பவே முடியவில்லை, அந்த மயக்கத்திலும் சிரித்தேன். உள்ளே தேங்குகிற ரத்தமும் நீரும் வடிய வைத்திருந்த டிரெயின் குழாயை இரண்டாம் நாள் உருவினார்கள், வலி என்று சொல்ல முடியாது, உள்ளுக்குள் ஏதோ நூல் நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு. வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கல்தான் அதைவிடப் பாடாய்ப் படுத்தியது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். மேல் தட்டில் இருக்கிற சீரக டப்பாவை எடுக்க முடியாது, சாதம் நிறைந்த குக்கரை இறக்க முடியாது, சொந்தத் தலையைப் பின்ன முடியாது. என் பெரிய பெண் மூன்று வாரம் எனக்குச் சடை போட்டாள், கோணல் மாணலாக. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தலை வழியாகப் போடுவது எதுவும் ஆகாது. சர்ஜிக்கல் பிராவை ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட்டிருந்தேன், அதுவும் மதுரை அக்னி நட்சத்திரத்தில்! லீவு கிடைக்கிறதே என்று மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது என் முட்டாள்தனம், மார்கழியில் செய்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி டிரெஸ்ஸிங் மாற்றும்போது, நேர்க்கோடும் அடிக்கோடும் சேருகிற இடத்தில் பட்டாணி அளவுக்குப் பிரிந்து உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது. போட்டோ எடுத்து சர்ஜனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இழுவிசை அங்கேதான் அதிகம், பலருக்கும் அந்த இடம்தான் இப்படிப் பிரியும், காய்ச்சலோ சுற்றிச் சிவப்போ நாற்றமோ இருந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். தினமும் சலைன் வைத்துத் துடைத்து, காஸ் வைத்து, மூடுவதற்கு ஐந்து வாரம் ஆனது. கத்திரிக்காயும் கருவாடும் தொட்டால் சீழ் பிடிக்கும் என்று அத்தை தடை போட்டார். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: முட்டை, பருப்பு நன்றாகச் சாப்பிடுங்கள்.

பூனை26:
அக்கா, எனக்கும் அதே சடைக் கதைதான், ஆனால் பின்னியது ஹாஸ்டல் ரூம்மேட். கோவையில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அம்மாவுக்கு இரண்டு பயம்: மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது, நாளைக்குக் குழந்தைக்குப் பால் எப்படி. இரண்டாவதை டாக்டர் மழுப்பாமல் பேசினார். பால் வரலாம், குறைவாக வரலாம், வராமலும் போகலாம், உத்தரவாதம் கொடுக்க மாட்டேன் என்றார். முதலாவதற்கு அவரிடம் மருந்து இல்லை.

எனக்கு அடிக்கோடு இல்லாத வெட்டு, வட்டமும் நேர்க்கோடும் மட்டும். டிரெயினும் வைக்கவில்லை. மறுநாளே டிஸ்சார்ஜ், பதினைந்தாம் நாள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஷூரன்ஸை நம்பி இறங்காதீர்கள். தோற்றத்துக்காகச் செய்கிற சிகிச்சை என்று பாலிசி விலக்குப் பட்டியலில் இருக்கும். உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் சான்றிதழ், கழுத்து எம்ஆர்ஐ, தோல் டாக்டர் சீட்டு எல்லாம் வைத்துப் போராடினேன், மூன்று மாதம் இழுத்தடித்து நிராகரித்தார்கள். ஒன்றே முக்கால் லட்சம் கையிலிருந்துதான் போனது. ஆனாலும் முதலிலேயே எழுத்தில் முன் அனுமதி கேளுங்கள், சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று, கைமேல் இருக்கிற பழைய தடுப்பூசித் தழும்பு தடித்துப் புடைத்திருந்தால் அதை முதல் நாளே சர்ஜனிடம் காட்டுங்கள். எனக்கு அப்படி இருந்தது, நான் வாயே திறக்கவில்லை. நாலாம் மாதம் வட்டத்தின் ஒரு பக்கம் கயிறு மாதிரி தடித்து அரிக்க ஆரம்பித்தது. சிலிகான் ஷீட் ஒட்டினேன், வியர்வையில் கழன்று கழன்று விழுந்தது. அப்புறம் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, அந்த வலியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சின்ன மருமகள்:
நான் மாமியாருக்காக எழுதுகிறேன், அவருக்கு 58. சர்க்கரை இருந்ததால் மூன்று மாதச் சராசரி இறங்கினால்தான் தேதி தருவேன் என்றார் டாக்டர். அத்தை வீம்புக்குச் சோறைக் குறைத்து, மொட்டைமாடியில் நடந்து, இறக்கிக் காட்டினார். பில்லில் "பயாப்ஸி" என்று பார்த்ததும் வீடே பதறிவிட்டது. எடுத்த சதையை எப்போதும் சோதனைக்கு அனுப்புவது வழக்கம்தானாம். ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் எட்டு நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும். புண் ஆற எட்டு வாரம் ஆனது. இப்போது கோயில் பிரகாரத்தை மூன்று சுற்று வருகிறார், நான்தான் பின்னால் ஓடுகிறேன்.

பூனை26:
வேப்பமரம் அக்கா, உணர்ச்சி திரும்ப வந்துவிட்டதா? எனக்கு இடது காம்பு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

வேப்பமரம்:
வலது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கம் பாதிதான், ஒரு வருடம் பாருங்கள், அப்புறமும் அப்படியே இருந்தாலும் இருக்கும் என்கிறார் சர்ஜன். நடுவில் திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று ஒரு குத்தல் வரும், நரம்பு வளர்வதால் வருவதாம். ஒருநாள் போர்டில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தது, சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது, பிள்ளைகள் கணக்குத் தப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீக்கம் முழுதாக வடிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது, அதுவரை புது ஜாக்கெட் தைக்காதீர்கள். நான் ஆடி மாதத்திலேயே அவசரப்பட்டுத் தைத்து மூன்று ஜாக்கெட் வீண். தீபாவளிக்குப் போனபோது தையல்காரம்மா நோட்டில் என் பழைய அளவு 44-ஐப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், "டீச்சர், இது உங்க பக்கம்தானா?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். 38 என்று எழுதச் சொன்னேன்.