பிக்கப்பில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆயில்) சூடு காட்டும் கேஜ்: சென்சாரை பேனில் போடுவதா, கூலர் லைனில் போடுவதா?

டிரெய்லர்வண்டி:
ஆட்டோமேட்டிக் பிக்கப், பின்னால் டிரெய்லர். கையில் இருப்பது 52 மி.மீ. எலக்ட்ரிக் முள் கேஜ், ஒற்றை வயர் சென்சார், 1/8 என்பிடி (கூம்புக் குழாய்ப் புரி) த்ரெட். ஆயில் பேன் (கியர் பெட்டியின் அடித் தொட்டி), ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குப் போகும் லைன், பிரஷர் டெஸ்ட் போர்ட், சென்சார் போட இந்த மூன்றில் எது சரி? கூலர் லைன் என்றால் ரப்பர் ஹோஸை வெட்டி டீ ஃபிட்டிங் (T வடிவ இணைப்பு) போட எண்ணம். எத்தனை டிகிரி வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்?

கியர்பெட்டி:
பேன்தான். பம்ப் உறிஞ்சி கிளட்சுகளுக்கு அனுப்பும் ஆயிலின் சூடு அங்கேதான் தெரியும். கூலருக்குப் போகும் லைனில் வருவது டார்க் கன்வெர்ட்டரை (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) விட்டு வெளியேறும் ஆயில். ஏற்றத்தில் அதன் லாக்கப் (நேரடிப் பிடிப்பு) விட்டதும் முள் விறுவிறுவென ஏறும், மறுபடி லாக் ஆனதும் இறங்கும். அது தெரிவதும் நல்லதுதான், ஆனால் அதைக் கியர் பெட்டியின் சூடு என்று படிக்கக் கூடாது. டெஸ்ட் போர்ட்டில் ஆயில் ஓடாமல் தேங்கி நிற்கும், அதனால் முள் தாமதமாக நகரும்.

பேனைக் கழற்றாமல் துளை போடாதீர்கள். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் ஆயிலைத் திசைதிருப்பும் வால்வு பாடியில் போய்ச் சிக்கும். பக்கச் சுவரில், ஆயிலில் எப்போதும் மூழ்கியிருக்கும் உயரத்தில் இடம் பாருங்கள். அடித்தட்டில் வைத்தால் கல் அடித்து உடையும். சென்சார் முனை ஃபில்டரில் இடிக்குமா என்று பார்க்க, அந்த இடத்தில் உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, பேனை நான்கு போல்ட்டில் பிடித்துக் கழற்றுங்கள். களிமண் எவ்வளவு நசுங்காமல் நிற்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி.

துளையில் சென்சாரைத் திருகுவதற்கான த்ரெட் வளையத்தை வெல்டிங் செய்யும்போது, அந்தச் சூட்டில் பேனின் விளிம்பு வளையும். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துத் தட்டி நிமிர்த்துங்கள். பிறகு பேனில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டால் ஊசித்துளைக் கசிவும் காட்டிக்கொடுக்கும். இறக்கிய ஆயிலை அளந்து, அதே அளவு புது ஆயில் ஊற்றி, மேனுவல் சொல்லும் சூட்டில் மட்டம் பாருங்கள். பேன் போல்ட்டுக்கான டார்க் (இறுக்கும் அளவு) மிகக் குறைவு. கை பலத்தில் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி அங்கேயே ஒழுகும்.

பன்னிரண்டுவோல்ட்:
ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் உடல் வழியாகவே கிடைக்கிறது. த்ரெட்டில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டால் எர்த் தடைப்பட்டு, கேஜ் குறைவாகக் காட்டும். ஆபத்தே இதுதான்: பெட்டி கொதிக்கும்போது முள் நிதானமாக நிற்கும். முனையிலிருந்து இரண்டு புரி விட்டு, திரவ சீலன்ட் மெல்லியதாகத் தடவுங்கள், போதும். என்பிடி கூம்பு த்ரெட், அளவு மீறி இறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

ரப்பர் ஹோஸ் நடுவே டீ போட்டால் அதற்கு எர்த்தே கிடையாது. டீயின் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

கேஜுக்கு கரண்ட், சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து எடுங்கள், 3 ஆம்ப் ஃபியூஸ் போதும். சென்சார் வயரை சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி, ஃபயர்வாலில் ரப்பர் குரோமெட் வழியாக உள்ளே விடுங்கள்.

மாட்டியதும் சோதனை: சாவி போட்டு, சென்சார் முனையில் வயரைக் கழற்றினால் முள் அடியில் கிடக்க வேண்டும். அந்த வயரை எர்த்தில் தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் வயரும் சரி, மிச்சக் கோளாறு சென்சாரிலோ எர்த்திலோதான். இதுவும் முக்கியம்: கேஜோடு வந்த சென்சாரையே போடுங்கள். வேறு கம்பெனி சென்சார் த்ரெட்டில் பொருந்தும், ஓம்ஸ் கணக்கு பொருந்தாது.

ஏற்றம்இறக்கம்:
பேனில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் இயல்பு. சில புதிய பெட்டிகள் இதற்கு மேலும் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை, மேனுவலைப் பாருங்கள். 110 தாண்டினால் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். 120 என்றால் நிறுத்துங்கள். விட்டால் ஆயில் கருகும், சீல்கள் இறுகும்.

நிறுத்தியதும் எஞ்சினை அணைக்காதீர்கள். பம்பைச் சுற்றுவது எஞ்சின்தான், அணைத்தால் கூலருக்கு ஆயில் போகாது. பார்க்கில் போட்டு 1,000 முதல் 1,200 ஆர்பிஎம் வைத்து, முள் 95-க்கு இறங்கும்வரை ஓட விடுங்கள்.

பேனைத் தொடுவதற்கு முன் இன்னொன்று: பல புதிய வண்டிகளில் பெட்டிக்குள்ளேயே சூடு சென்சார் இருக்கிறது. ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) அதைப் படித்துவிட்டால் வெல்டிங்கே தேவையில்லை.

டிரெய்லர்வண்டி:
அப்படியானால் முதலில் ஸ்கேனர். அதில் வராவிட்டால் பேன். டீ ஃபிட்டிங்கை விட்டுவிடுகிறேன்.