லெந்து முடிந்த வாரமே ஜெபமும் வேதவாசிப்பும் படுத்துவிடுகிறதே: எதை, எவ்வளவு தொடர்வது?

நெல்லைச்சீமை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் வீட்டு ஒழுங்கு இது: காலை 4.30க்கு ஜெபம், தினம் 4 அதிகாரம், மத்தியானம் வரை உபவாசம், கறி மீன் கிடையாது, டிவி கிடையாது, சாயங்காலம் கோயில் ஆராதனை. ஈஸ்டர் போன கையோடு எல்லாம் ஒன்றாக நின்றுவிடுகிறது. வருஷம் முழுக்க இப்படியே கொண்டுபோக முடியுமா? முடியாதென்றால் எதை விட, எதைப் பிடிக்க? சுகர் மாத்திரை எடுக்கும் பெரியவங்களும் வீட்டில் உண்டு. "விசுவாசத்தோடு முயற்சி பண்ணுங்க" என்பதெல்லாம் தெரியும். நேரமும் அளவும் சொல்லுங்க.

சங்கீதப்பிரியன்:
அப்படியே கொண்டுபோக முடியாது, அண்ணே. அவசியமும் இல்லை.

எது முதலில் உடைகிறது என்று பாருங்க. ஈஸ்டர் திங்கட்கிழமை டிவி திரும்ப வருகிறது, படுக்க 11 மணி ஆகிறது, மறுநாள் 4.30க்கு எழும்ப முடிவதில்லை. எழும்பாததால் ஜெபம் போச்சு, ஜெபத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த வாசிப்பும் போச்சு. லெந்தில் கல்யாணம் வைக்காததால் எல்லாக் கல்யாணமும் ஈஸ்டருக்குப் பிறகுதான் குவியும். ராத்திரி வரவேற்பு முடிந்து வீடு சேரவே நேரமாகும். அதனால் முதலில் காக்க வேண்டியது படுக்கும் நேரத்தை. டிவி இருக்கட்டும், 9.45க்கு மேல் வேண்டாம். எழும்புவதை 5.30 ஆக்குங்க. மொத்தம் 20 நிமிஷம்: ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், மிச்ச நேரம் ஜெபம். ஜெபக் குறிப்புகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் தூக்கக் கலக்கத்தில் மனசு அலையாது.

தினம் 4 அதிகாரம் என்பது முழு பைபிளையும் (1189 அதிகாரம்) பத்து மாதத்தில் முடிக்கிற வேகம். தினம் ஆராதனை இருக்கும் லெந்து நாட்களில் சரி, மே மாதத்துக்குச் சரிவராது. அப்போஸ்தலருடைய நடபடிகள் 28, யோவான் 21, சேர்த்தால் 49. ஈஸ்டர் தொடங்கி பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை 50 நாள். தினம் ஒன்று வாசித்தால் ஒரு நாள் மிச்சமும் இருக்கும். அந்தக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடையாது. பிறகு புதிய ஏற்பாட்டை முதலிலிருந்து தொடங்குங்க: 260 அதிகாரம், வாரத்துக்கு 5, சரியாக 52 வாரம்.

ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாளோடு சேர்த்து வாசிக்காதீங்க. மூன்று நாள் பாக்கி சேர்ந்தால் நாலாம் நாள் பைபிளைத் திறக்கவே கை வராது. விட்டதை சனிக்கிழமைக்குத் தள்ளுங்க, இல்லை அப்படியே விடுங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் ஒரு பழக்கம் தன்னால் நடக்கிற நிலைக்கு வர எடுத்த நடுத்தரக் காலம் 66 நாள். ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வித்தியாசப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை ஞாயிறும் சேர்த்து 46 நாள்தான். அந்தக் கணக்குப்படி ஈஸ்டருக்குப் பிந்தின மூன்று வாரத்தில்தான் வேர் பிடிக்கணும், அதுவோ கல்யாண வாரம்.

கடற்கரைக்காரி:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. வெள்ளிக்கிழமையைப் பிடிச்சுக்கோங்க. எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1250ஆம் விதி, வருஷத்தின் எல்லா வெள்ளியையும் தவநாள் என்கிறது, தவக்கால வெள்ளி மட்டுமல்ல. பலருக்கு இது மறந்தே போச்சு. சுத்தபோசனம், அதாவது கறியை விடுவது, 14 வயதிலிருந்து. ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு, 18 முதல் 59 வரை. ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளி பெருவிழாவாகக் கணக்கு, அன்றைக்கு விலக்கு.

ஆனால் பாஸ்கா 50 நாளில், அதாவது ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை, கடும் நோன்பு வேண்டாம். அந்த நாட்களிலும் ஞாயிறுகளிலும் முழங்கால் போடாமல் நின்றே செபிக்கணும் என்று கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே விதி போட்டது. இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கிற சிலுவைப்பாதைக்குப் பழகிய நேரத்தில், உயிர்ப்பைத் தியானிக்கிற ஒளியின் பாதை செய்யுங்க, அதுவும் 14 நிலைதான். நேரத்தைக் காலியாக விட்டால் அதில் செல்போன் வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று: கறிக்குப் பதில் மீன் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடலில் விசைப்படகு போகாது. கறியைவிட விலை கூடின வஞ்சிரத்தை வாங்கித் தின்னால் சட்டம் மீறினதாகாது, ஆனால் அதைத் தவம் என்று சொல்ல வாய் வராது. ரசமும் துவையலும் போதும்.

மருந்துப்பெட்டி:
செவிலியராகச் சொல்கிறேன், பெரியவங்க விஷயத்தில் கவனம். இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுக்கிறவங்களும் மருந்தைப் போட்டுவிட்டு வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் உபவாசம் இருக்கவே கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ 70க்குக் கீழே காட்டினாலோ அந்த நிமிஷமே உபவாசத்தை முடித்துவிடணும்: 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்கணும். அவங்களுக்கு ஏற்றது தானியேல் 10ஆம் அதிகாரத்து முறை. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, ருசிப் பண்டமும் இறைச்சியும் கிடையாது.

மத்தவங்களுக்கு: வெள்ளி மட்டும் காபியை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். "உபவாசம் ஒத்துக்கலை" என்பாங்க, காரணம் காபி. வியாழனே பாதியாகக் குறைங்க, அல்லது காலையில் அரை டம்ளர் குடிச்சிடுங்க. முடிக்கும்போது கஞ்சி, பிரியாணி அல்ல.

எலீம்பாதை:
கடற்கரைக்காரி அக்கா சொன்ன 50 நாள் விதி எங்கள் சபைகளில் இல்லை. எங்களுக்கு வெள்ளி உபவாச ஜெபம் வருஷம் பூரா உண்டு. அப்போஸ்தலர் 13இல் உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பினாங்க. தனியாக இருக்கிற உபவாசம் சீக்கிரம் நின்னுபோகும் பிரதர். பக்கத்து வீட்டு விசுவாசி ஒருத்தரோடு வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் சேர்ந்து ஜெபிக்க நேரம் குறிங்க. பத்துப் பேர் வாட்ஸ்அப் குழு வேண்டாம். அங்கே வசனப் படம்தான் ஓடும்.

வருஷம் முழுக்க உபவாசம் இருப்பேன் என்று கடவுளிடம் பொருத்தனை (நேர்ச்சை) மட்டும் பண்ணிடாதீங்க. பிரசங்கி 5:4, 5 படிச்சுப் பாருங்க, பண்ணிட்டுச் செலுத்தாமல் போவதைவிடப் பண்ணாமலிருப்பதே நல்லது என்கிறது. ஒரு மாசத்துக்குத் தீர்மானம் எடுங்க, முடிந்ததும் அடுத்த மாசத்துக்கு.

நெல்லைச்சீமை:
நன்றி. படுக்கும் நேரத்தை நாங்க யோசிக்கவே இல்லை. லெந்துக் காணிக்கை உறையும் ஈஸ்டரோடு போயிடுது, அதுக்கு என்ன செய்ய?

சங்கீதப்பிரியன்:
நம்ம பாட்டிமார் வைத்த பிடி அரிசிதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பானையில். பிடிக்கு 50 கிராம் என்று வைத்தாலும் இரண்டு வேளைக்கு மாசம் 3 கிலோ வரும். பானையை அரிசி டப்பா பக்கத்திலேயே வையுங்க, அடுக்களை மூலையில் வைத்தால் மறந்துபோகும். மாசம் முழுக்கச் சேர்த்தும் வைக்காதீங்க. கோடையில் வண்டு விழும், மாசக் கடைசியில் வீட்டுக்கே அரிசி குறைந்தால் கை அந்தப் பானைக்குத்தான் போகும். ஞாயிறுதோறும் கோயிலில் கொடுத்திடுங்க.