பிறந்த குழந்தையை பிஆர் விண்ணப்பத்தில் சேர்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் மெடிக்கல் முடிந்துவிட்டது. இதற்கிடையே 17 நாள் முன்பு மகள் பிறந்தாள். கனடாவுக்கு வெளியே பிறந்ததால் அவளுக்கும் பிஆர் வேண்டும். அவளைப் பற்றித் தெரிவிக்காமல் நாங்கள் மட்டும் பிஆர் பெற்றுவிட்டால், பின்னால் ஸ்பான்சர் செய்யவே முடியாமல் போகலாம் என்கிறது குடிவரவு விதி 117(9). படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குத்தான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இரண்டு முறை போட்டோ எடுத்தும் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். சரி, பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டுமா, இல்லை சான்றிதழை மட்டும் இணைத்து குடிவரவுத் துறையின் வெப்ஃபார்மில் (இணையப் படிவத்தில்) இப்போதே தெரிவித்துவிடலாமா? அப்புறம், குழந்தையின் மெடிக்கலுக்கு அவர்களே கடிதம் அனுப்புவார்களா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.